டாவோஸ் மரச் சறுக்குவண்டி: குழந்தையின் முதல் பனிக்காலத்துக்கு ஒரு வழிகாட்டி

சுவிட்சர்லாந்துக்குப் புதிதாக வந்து சேரும் தமிழ்க் குடும்பங்களில் பெற்றோர் பனியில் வளர்ந்தவர்கள் அல்லர். ஆனால் அவர்களுடைய பிள்ளைகள், வகுப்புத் தோழர்கள் மரச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு அருகிலுள்ள மேட்டுக்குப் போவதை முதல் குளிர்காலத்திலேயே பார்த்துவிட்டு, தமக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பள்ளிகளும் ஒரு நாளைச் சறுக்குவதற்கென்று ஒதுக்கி, வண்டியும் தலைக்கவசமும் கொண்டுவரச் சொல்லிக் கடிதம் அனுப்புவதுண்டு. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்கும் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: மரவண்டியில் பிள்ளை முதலில் கற்க வேண்டியது வண்டியை நிறுத்துவது. அது கைவந்த பிறகே திருப்புவது, அதற்கும் பிறகே வேகம். வண்டியை வாங்குவது முதல் மேட்டைத் தேர்ந்தெடுப்பது வரை எல்லா முடிவுகளையும் இந்த வரிசையை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும்.

வண்டியை அறிந்துகொள்ளுதல்

டாவோஸ் வண்டி என்று இங்கே எல்லோரும் அழைக்கும் சறுக்குவண்டியின் அமைப்பு மிக எளியது. முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த இரண்டு மரச் சறுக்குக்கால்கள், அவற்றின்மேல் நிறுத்திய சிறு தூண்கள், இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குக்கட்டைகள், அவற்றின்மீது நீளவாக்கில் பொருத்திய இருக்கைச் சட்டங்கள், சறுக்குக்கால்களின் அடியில் முழு நீளத்துக்கும் திருகி இறுக்கிய உருக்குப் பட்டை, முன்னால் ஓர் இழுகயிறு ஆகியவை சேர்ந்தால் வண்டி முழுமையாகிவிடுகிறது. மரம் பெரும்பாலும் ஆஷ் அல்லது பீச். ஆஷ் மரத்தின் நார் நீளமானது. அடி விழுந்தால் சட்டென்று முறியாமல் சற்றே வளைந்து கொடுக்கும். ஆவியில் வேகவைத்து வளைப்பதற்கும் அது இணங்கும் என்பதால் முன்வளைவு உள்ள உறுப்புகளுக்கு அதையே தச்சர்கள் விரும்பினார்கள்.

கிராவுபுண்டன் மாநிலத்து மலையூர்களில் இத்தகைய வண்டிகள் விளையாட்டுக்கு முன்பே வேலைக்குப் பயன்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காசநோய்ச் சிகிச்சைக்காக டாவோஸுக்கு வந்து தங்கிய வெளிநாட்டினர், ஊர்மக்கள் வண்டியில் சறுக்கி இறங்குவதைக் கண்டு தாமும் அதில் ஈடுபட்டார்கள். 1883 பிப்ரவரியில் டாவோஸிலிருந்து கிளோஸ்டர்ஸ் வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள சாலையில் ஒரு பன்னாட்டுப் போட்டி நடந்தது. அதில் கிளோஸ்டர்ஸின் தபால்காரரான பீட்டர் மின்ஷும், ஆஸ்திரேலிய மாணவரான ஜார்ஜ் ராபர்ட்சனும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. டாவோஸ் வண்டி, பிற வண்டிகளும் கால்களும் மிதித்து இறுகிய சாலையில் பழகியது. அதன் உருக்குப் பட்டை விரலகலமே உடையது. இறுகிய பனியில் அது நேர்கோடு பிடித்து ஓடும், மிதிபடாத புதுப்பனியில் முழுவதுமாகப் புதைந்து நின்றுவிடும். எங்கே போகலாம், எப்போது போகலாம் என்ற கேள்விகளுக்கான விடையில் பாதி இந்த ஒரு செய்தியிலேயே இருக்கிறது.

கடைகளில் இதைப் போன்றே தோன்றும் வேறு இரண்டு வகைகளையும் பார்ப்பீர்கள். ஒன்று ரோடல். அதன் சறுக்குக்கால்கள் உட்புறமாகச் சாய்ந்து, பட்டையின் உள்விளிம்பு மட்டுமே பனியைத் தொடும், சட்டகம் நெகிழும், இருக்கை நாடாக்களால் பின்னப்பட்டிருக்கும், கயிற்றை இழுத்தும் காலால் அழுத்தியும் திருப்பலாம். வேகமும் திருப்பமும் ரோடலில் அதிகம் என்பதால் நிறுத்தக் கற்றுவிட்ட பெரிய பிள்ளைகளுக்கே அது ஏற்றது. இன்னொன்று வட அமெரிக்க வகை. அமெரிக்கரான சாமுவேல் லீட்ஸ் ஆலன் 1889-இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழி வந்த அந்த வண்டியில், முன்னாலுள்ள குறுக்குக்கட்டையை அசைத்தால் உருக்குச் சறுக்குக்கால்களே வளைந்து திரும்பும். அதில் பிள்ளைகள் குப்புறப் படுத்துத் தலையை முன்னால் நீட்டியபடி போவது அங்கே நெடுங்காலப் பழக்கம். கனடாவிலுள்ள உறவினர் வீட்டுப் படங்களில் அதைக் கண்ட பிள்ளைகள் டாவோஸ் வண்டியிலும் அப்படியே படுக்க முயல்வார்கள். அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். டாவோஸ் வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் காலால்தான். படுத்துவிட்டால் இரண்டும் கைவிட்டுப் போய், தலை முதலில் மோதும் நிலை வந்துவிடும்.

அளவும் வாங்குதலும்

டாவோஸ் வண்டிகள் 80 சென்டிமீட்டர் முதல் 120 சென்டிமீட்டர் வரை பல நீளங்களில் கிடைக்கின்றன. தனியாக ஓட்டப்போகும் சிறு பிள்ளைக்கு 80 அல்லது 90 போதும். தாயோ தந்தையோ பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு போவதானால் 100 அல்லது 110 வேண்டும். "வளரும் பிள்ளைதானே, பெரிதாகவே வாங்கிவிடலாம்" என்ற எண்ணம் சட்டை வாங்கும்போது சரியாக இருக்கலாம், சறுக்குவண்டிக்குச் சரிவராது. பிள்ளையைக் கடையிலேயே வண்டியில் உட்கார வையுங்கள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்த நிலையில் இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிய வேண்டும்; முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். நுனிக்கால் மட்டும் எட்டினால் அந்த வண்டியை அப்பிள்ளையால் நிறுத்த முடியாது என்று பொருள். இன்னும் ஓராண்டு பொறுக்கலாம், அல்லது சிறிய வண்டியைப் பார்க்கலாம்.

நடை பழகும் வயதுக் குழந்தைக்கென்று முதுகுச்சாய்வு பொருத்திய வண்டிகள் உண்டு. அவை சமதரையில் இழுத்துச் செல்வதற்கு மட்டுமே உரியவை. சாய்வைப் பொருத்திய வண்டியைச் சரிவில் விடக்கூடாது. வண்டி கவிழும்போது சாய்வுக்கும் இருக்கைக்கும் இடையில் குழந்தை சிக்கிக்கொள்ளும்.

புதிய வண்டியின் விலை அதிகமாகத் தோன்றினால் ஊர்தோறும் இருக்கும் புரோக்கன்ஸ்டூபே என்னும் பழம்பொருள் அங்காடிக்குச் செல்லுங்கள். நன்றாகச் செய்யப்பட்ட மரவண்டி ஒரு தலைமுறைக்கு மேல் உழைக்கும். ஆகவே பழைய வண்டி என்பதில் குறைவு ஏதும் இல்லை, பார்த்து வாங்கத் தெரிந்தால் போதும். முதலில் வண்டியைத் தரையில் வைத்து, முன்னும் பின்னும் மாற்றி மாற்றி மூலைகளில் அழுத்துங்கள். ஒரு மூலை மட்டும் எழுந்து ஆடினால் சட்டகம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அத்தகைய வண்டி எப்போதும் ஒரு பக்கமாகவே இழுக்கும், அதைச் சரிசெய்வது அரிது. அடுத்து, தூண்கள் சறுக்குக்காலில் இறங்கும் பொருத்துகளையும், முன்வளைவு தொடங்கும் இடத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். நார் வாக்கில் ஓடும் மயிரிழைக் கீறல் பெரும்பாலும் மேற்பூச்சின் வெடிப்பாக இருக்கும். நாருக்குக் குறுக்கே ஓடும் கீறல் மரமே முறியத் தொடங்கியதன் அடையாளம். பின்னது இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பிறகு வண்டியைக் கவிழ்த்துப் பட்டையைத் தடவிப் பாருங்கள், கையுறையோடு. பழுப்பான மேல்துரு அஞ்சத்தக்கதல்ல. ஆனால் பட்டை குழிவிழுந்து அரித்திருந்தாலோ, திருகாணித் தலை பட்டையின் மட்டத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தாலோ, முன்நுனியில் பட்டை மரத்தை விட்டு எழுந்து நின்றாலோ கவனம் வேண்டும். எழுந்து நிற்கும் பட்டைநுனி கத்தியாகிவிடும். மோதலில் அது யார் காலில் படும் என்று சொல்ல முடியாது. இருக்கைச் சட்டம் ஒன்று உடைந்திருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டாம், அதை மாற்றுவது எளிது.

பட்டையைத் தயார்செய்தல்

ஒரு கோடைகாலம் நிலவறையில் கிடந்த உருக்குப் பட்டையில் துரு படிந்திருக்கும். துருவோடு சறுக்கினால் வண்டி தயங்கித் தயங்கி ஓடும். பனியில் பழுப்புக் கோடு விழும். வண்டியைக் கவிழ்த்து உறுதியான இடத்தில் வைத்து, 120 எண் உப்புத்தாளை ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றி, பட்டையின் நீளவாக்கில் முன்னிருந்து பின்னாகத் தேயுங்கள். குறுக்காகத் தேய்த்தால் விழும் கீறல்கள் ஒவ்வொன்றும் பனியைப் பிடித்து இழுக்கும். துரு போனதும் 240 எண் தாளாலும், விருப்பமிருந்தால் 400 எண் தாளாலும் அதே திசையில் தேய்த்து, உலர்ந்த துணியால் தூளைத் துடைத்துவிடுங்கள்.

இதன்மேல் மெழுகு பூசும் வழக்கம் உண்டு. ஸ்கீ மெழுகோ, வீட்டிலுள்ள சாதாரண மெழுகுதிரியோ போதும். உலர்ந்து வெதுவெதுப்பாக இருக்கும் பட்டையில் தேய்த்து, தக்கைக்கட்டையாலோ துணியாலோ அழுத்தி மெருகேற்ற வேண்டும். மெழுகு தண்ணீரை ஒட்டவிடாது; ஈரப்பனி பட்டையில் அப்பிக்கொண்டு உறைவதை அது தடுக்கும், துருவையும் தள்ளிப்போடும். எனினும் பிள்ளை நிறுத்தப் பழகும் நாள்களில் மெழுகு பூச வேண்டாம் என்பதே என் கருத்து. துரு நீங்கிய வெறும் பட்டை தரும் வேகமே பழகுபவருக்குத் தாராளம்.

இழுகயிற்றையும் இப்போதே பாருங்கள். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமும், கையுறை போட்ட கையால் பிடிக்கத்தக்க தடிப்பும் வேண்டும். சறுக்கும்போது அது தொங்கிப் பட்டைக்கு அடியில் போய்விட்டால் வண்டி திடீரென நின்று பிள்ளையை முன்னே எறிந்துவிடும்; ஆகவே கயிற்றைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும், அல்லது மடித்துத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார வேண்டும். எக்காரணம் கொண்டும் அதைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக் கட்டக்கூடாது.

உடையும் தலைக்கவசமும்

தலைக்கவசம் கட்டாயம். ஈஎன் 1077 என்ற தரக்குறி உள்ள ஸ்கீ தலைக்கவசம் இதற்கு மிகவும் பொருத்தமானது. காதையும் மூடும், குளிரையும் தடுக்கும். அடியில் தடித்த கம்பளித் தொப்பி போட்டால் கவசம் ஆடும், ஆகவே மெல்லிய தலையுறை ஒன்றே போதும். கழுத்துக்கு நீண்ட சால்வை வேண்டாம். அதன் முனை பட்டைக்கு அடியில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். குழாய் வடிவில் தைத்த கழுத்துறை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

காலணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வண்டியின் பிரேக் பிள்ளையின் காலணிதான். கணுக்காலுக்கு மேலே ஏறும் கழுத்தும், ஆழமான வரிகளுள்ள கெட்டியான அடியும் தேவை. பஞ்சுபோல் மெத்தென்ற அடியுள்ள பனிச்சப்பாத்து நடப்பதற்கு நன்றாக இருக்கும். பனியை அழுத்திப் பிடிக்கும் வலு அதற்கு இல்லை. அடி தேய்ந்துபோன பழைய காலணியும் அப்படியே. காற்சட்டை காலணிக்கு வெளியே விழுந்து மூடியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பனித்தூள் காலணிக்குள் நிறையும், கால் மணி நேரத்தில் பிள்ளை அழத் தொடங்கும்.

உடலோடு ஒட்டிய உடை பருத்தியாக இருக்க வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். மேட்டில் ஏறும்போது வியர்த்து, கீழே இறங்கும்போது உறைந்துபோகும். மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஒரு கதகதப்பான அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே நீர்புகாச் சட்டை என்று அமைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் தனித்தனியாக இல்லாத கையுறை சூட்டை அதிகம் தாங்கும். மாற்றுச் சோடி ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

இடத்தையும் பனியையும் பார்த்தல்

மேட்டைப் பார்க்கும்போது நம் கண் இயல்பாகவே சரிவை அளக்கும். நீங்கள் முதலில் அளக்க வேண்டியது சரிவு முடியும் இடத்தை. வண்டி தானாக வேகம் குறைந்து நிற்பதற்குப் போதுமான சமதரை அங்கே இருக்கிறதா? சரிவின் நீளத்தைவிடச் சமதரையின் நீளம் குறைவாக இருந்தால் பழகுபவருக்கு அந்த மேடு உதவாது. அந்த வெளியில் சாலை, ஓடை, உறைந்த குளம், மரம், விளக்குக்கம்பம், நிறுத்திய கார், வேலி எதுவும் இருக்கக்கூடாது. மேய்ச்சல் நிலங்களில் முள்வேலிக் கம்பி பனிக்குள் மறைந்து கிடப்பதுண்டு. ஆகையால் முதலில் பெரியவர் ஒருவர் மேலிருந்து கீழ்வரை நடந்து பார்த்துவிட்டு வரட்டும். முதல் பயிற்சிக்கு 20 அல்லது 30 மீட்டர் நீளமுள்ள மென்சரிவு போதும், உயரம் தேவையே இல்லை.

பனி எப்படி இருக்கிறது என்பதும் அவ்வளவே முக்கியம். உறைநிலைக்குச் சில பாகை கீழே, பலர் மிதித்து இறுகிய பனி மரவண்டிக்கு உகந்தது. சறுக்கும்போது உராய்வினால் எழும் சிறு வெப்பம் பனியின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்கி உருக்கை வழுக்கவைக்கிறது. கடுங்குளிரில் அந்தப் படலம் சரியாக உருவாகாமல் பனித்துகள்கள் மணல்போல் உரசும், வண்டி மெதுவாகவே போகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அஞ்ச வேண்டியது பனிக்கட்டியை. பகலில் இளகி இரவில் உறைந்த பனி காலையில் கண்ணாடிப் பரப்பாக இறுகியிருக்கும். அதில் உருக்குப் பட்டை கட்டுக்கடங்காமல் ஓடும், காலணி பிடிக்காது. குதிகாலால் பனியைக் குத்திப் பாருங்கள். குழி விழாவிட்டால் அன்றைய காலையைக் கைவிட்டு, வெயில் ஏறி மேற்பரப்பு சற்று இளகிய பிறகு வாருங்கள்.

புதுப்பனி கணுக்கால் ஆழத்துக்கு விழுந்திருந்தால் வேலை கொஞ்சம் உண்டு. குடும்பமாக வரிசையில் நின்று, சரிவின் குறுக்கே பக்கவாட்டில் அடிவைத்து ஏறி, ஒரு தடத்தை மிதித்து இறுக்குங்கள். பிறகு வெறும் வண்டியில் பையை வைத்துச் சிலமுறை மேலும் கீழும் இழுத்தால் பட்டைகளுக்கான இரு கோடுகள் பதியும். குளிர்ந்த உடல் சூடேறுவதற்கும் இது நல்ல வழி.

நிறுத்துதல், திருப்புதல், விழுதல்

முதல் பாடம் சமதரையில். பிள்ளை வண்டியின் பின்பாதியில் நிமிர்ந்து உட்காரட்டும். கயிறு ஒரு கையில், மற்றக் கை இருக்கையின் பக்கச் சட்டத்தில். கைவிரல்கள் சட்டத்தின் மேற்புறத்தைப் பற்ற வேண்டும், அடியில் சறுக்குக்காலை நோக்கி நீளக்கூடாது. கால்கள் இரண்டும் சறுக்குக்கால்களுக்கு வெளியே. இப்போது நீங்கள் முன்னால் மெதுவாக இழுத்துச் செல்லும்போது "நிறுத்து" என்று சொன்னதும், பிள்ளை இரண்டு பாதங்களையும் முழு அடியும் படும்படி ஒரே நேரத்தில் பனியில் அழுத்த வேண்டும். குதிகாலை மட்டும் குத்தினால் அது பனியில் மாட்டி முழங்கால் முறுக்கிக்கொள்ளும். முழுப் பாதமும் படிந்தால் உராய்வு சீராக எழும். ஒரு கால் முந்தினால் வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிடும் என்பதைப் பிள்ளை தானாகவே கண்டுகொள்ளும். அந்தக் கண்டுபிடிப்பு பிறகு திருப்பும் பாடத்துக்கு உதவும்.

இது கைவந்ததும் மேட்டின் அடிவாரத்திலிருந்து நான்கைந்து மீட்டர் மட்டும் மேலே ஏறித் தொடங்குங்கள். நீங்கள் கீழே, தடத்துக்குப் பக்கத்தில், நேர் எதிரே வராமல் நில்லுங்கள். பனியில் ஒரு கையுறையை அடையாளமாக வைத்து, வண்டி அதைத் தாண்டாமல் நிற்க வேண்டும் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் இதை ஒரு போட்டியாகவே எடுத்துக்கொள்வார்கள். அடையாளத்துக்கு முன்பே மும்முறை தொடர்ந்து நிறுத்திய பிறகே இன்னும் ஐந்து மீட்டர் மேலே போகலாம். பொறுமையற்ற பெற்றோர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். பிள்ளை கேட்கிறதே என்று உச்சிக்கு ஏற்றிவிடுகிறார்கள். உச்சியிலிருந்து வரும் வேகத்தில் கால் பிடிக்காது என்று உணர்ந்து பயந்த பிள்ளை, அடுத்தமுறை காலையே தூக்கிக்கொள்ளும். அந்தப் பயத்தைக் களைவதற்கு ஆகும் காலம், படிப்படியாக ஏறுவதற்கு ஆகும் காலத்தைவிட மிக அதிகம்.

பாதங்கள் மட்டும் போதாத வேகத்தில் நிறுத்துவதற்கு இன்னொரு வழியும் உண்டு. உடலைப் பின்னால் நன்றாகச் சாய்த்து, கயிற்றையோ முன்வளைவையோ பிடித்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினால் சறுக்குக்கால்களின் பின்நுனிகள் பனியில் பதிந்து வண்டியைப் பிடித்து நிறுத்தும். கூடவே பாதங்களையும் அழுத்த வேண்டும். இதற்குக் கைவலு வேண்டும் என்பதால் எட்டு அல்லது ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம்.

திருப்புவது நிறுத்துவதன் மறுபக்கமே. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடக்காலை மட்டும் பனியில் படியவிட்டு, உடலையும் இடப்பக்கம் சாய்க்க வேண்டும். அந்தப் பக்கம் உராய்வு கூடுவதால் வண்டி அங்கே திரும்பும். டாவோஸ் வண்டியின் சட்டகம் விறைப்பானது. ரோடலைப்போல் அது வளைந்து கொடுக்காது. எனவே திருப்பத்தை முன்கூட்டியே தொடங்க வேண்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு திருப்ப முயன்றால் வண்டி வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டு போகும். வளைவுக்கு முன்பே இரண்டு காலாலும் வேகத்தைக் குறைத்து, பிறகு ஒற்றைக் காலால் திருப்பும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்துங்கள். தடத்தில் இரண்டு பைகளைச் சில மீட்டர் இடைவெளியில் வைத்து, முதலாவதற்கு இடப்பக்கமும் அடுத்ததற்கு வலப்பக்கமும் போகச் சொல்லலாம்.

விழவும் கற்பிக்க வேண்டும். வண்டி ஏதோ ஒன்றை நோக்கிப் போகிறது, நிறுத்த முடியவில்லை என்றால் வண்டியைக் காப்பாற்ற முயலாமல், கயிற்றை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருண்டு விழ வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மெதுவான வேகத்தில் இதைச் சிரித்துக்கொண்டே பலமுறை பழகிய பிள்ளை, தேவைப்படும் நேரத்தில் தயங்காது. விழுந்தவுடன் எழுந்து தடத்தை விட்டு ஓரமாக விலக வேண்டும். மேலே திரும்ப ஏறுவதும் தடத்தின் ஓரமாகத்தான், நடுவே அல்ல. வண்டியைப் பின்னால் இழுத்துவரும் பிள்ளை, நின்று இளைப்பாறும்போது அதைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆளில்லாத வண்டி கீழே இருப்பவரை நோக்கிப் பாயும். நான்கைந்து கிலோ எடையும் உருக்கு நுனியும் உள்ள மரவண்டி அப்படி வந்து மோதினால் எலும்பு முறியக்கூடும்.

பெரியவரும் குழந்தையும் சேர்ந்து போகும்போது குழந்தை முன்னால், பெரியவரின் இரு கால்களுக்கு இடையில் உட்கார வேண்டும். குழந்தையின் பாதங்கள் வண்டியின்மேலேயே இருக்கட்டும். தரையில் நீட்டினால் பட்டைக்கு அடியில் மடங்கிவிடும். காலால் பிரேக் பிடிப்பது முழுவதும் பெரியவர் பொறுப்பு. இருவர் எடையில் வண்டி எளிதில் நிற்காது என்பதால் பெரியவரும் முதலில் தனியாகப் பழகிக்கொள்வது நல்லது. பள்ளி வயதை எட்டாத குழந்தைகளை மேட்டில் தனியே விட வேண்டாம். வண்டிகளை ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு தொடராகப் போவது, காரின் பின்னால் கட்டி இழுப்பது இரண்டும் கொடிய விபத்துகளில் முடிந்திருக்கின்றன. அவற்றை விளையாட்டாகக்கூடத் தொடங்கக் கூடாது.

யாராவது தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி விழுந்தாலோ வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று எண்ணாமல் 144 என்ற எண்ணை அழையுங்கள். மலைப்பகுதியில் ஹெலிகாப்டர் மீட்பு வேண்டியிருந்தால் ரேகா என்னும் வான்மீட்புச் சேவையின் எண் 1414.

நீண்ட தடத்துக்குப் போதல்

சிறு மேட்டில் நிறுத்தவும் திருப்பவும் பழகிய பிள்ளையை அடுத்து முறையான சறுக்குத்தடத்துக்கு அழைத்துச் செல்லலாம். சூரிச்சில் இருப்பவர்களுக்கு ஊட்லிபெர்க் குன்றிலிருந்து திரீம்லிக்கு இறங்கும் தடமும், பேர்ன் நகரத்தாருக்கு குர்ட்டன் குன்றும் அருகிலேயே இருக்கின்றன. ஆனால் இவை தாழ்ந்த இடங்கள் என்பதால் பனி நிலைக்கும் நாள்கள் குறைவு. போதிய பனி இல்லாமல் சரளை தெரியும் தடத்தில் வண்டியை விட்டால் ஒரே நாளில் பட்டை கீறிப் பாழாகும்.

மரவண்டிக்கு மிகவும் பொருந்திய தடம் எது என்று கேட்டால் கிராவுபுண்டனில் பிரேடாவிலிருந்து பெர்கூனுக்கு இறங்கும் தடத்தைச் சொல்வேன். அது குளிர்காலத்தில் வாகனங்களுக்கு மூடப்படும் அல்புலா கணவாய்ச் சாலையேதான். நீளம் 6 கிலோமீட்டர், இறக்கம் ஏறக்குறைய 400 மீட்டர். அதாவது நூறு மீட்டருக்குச் சராசரியாக ஏழு மீட்டர் இறக்கம். இது வண்டி ஓடுவதற்குப் போதும், கால் பிடிப்பதற்கும் இடம் தரும். கீழே இறங்கியதும் பெர்கூனில் ரேட்டியன் ரயிலில் வண்டியோடு ஏறி மீண்டும் பிரேடாவுக்குப் போகலாம். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்த ரயில்பாதை இவ்விரு ஊர்களுக்கிடையே மலைக்குள் சுழன்று ஏறுகிறது. அதன் பாலங்களுக்கு அடியிலேயே சறுக்குத்தடம் போகிறது. வார இறுதிகளில் கூட்டம் மிகுதி. அன்று போவதானால் முன்னால் செல்பவருக்குப் போதிய இடைவெளி விட்டு, நிற்க வேண்டுமானால் வளைவுக்குப் பின்னால் மறைவாக நிற்காமல், நேரான பகுதியில் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். பிள்ளைக்கு முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர் என்று போவது நல்ல ஏற்பாடு. வாடகை வண்டியும் அங்கே கிடைக்கும்.

மூடப்பட்டதாக அறிவித்த தடத்தில் பனி எவ்வளவு அழகாகக் கிடந்தாலும் இறங்காதீர்கள். பனிச்சரிவு அபாயத்துக்காகவும் தடங்கள் மூடப்படுகின்றன. டாவோஸிலுள்ள பனி மற்றும் பனிச்சரிவு ஆய்வு நிறுவனமான எஸ்எல்எஃப் அன்றாடம் வெளியிடும் அறிக்கையை, மலைக்குப் போகும் நாளில் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் நல்லது.

பராமரிப்பு

வீட்டுக்கு வந்ததும் வண்டியை அப்படியே நிலவறையில் தள்ளிவிடுவதுதான் அதன் ஆயுளைக் குறைக்கும் முதல் காரணம். ஒட்டிய பனியைத் தூரிகையால் தட்டி, பட்டையைத் துணியால் உலரத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். விரைவில் உலரட்டும் என்று வெப்பக்கருவியின் பக்கத்தில் வைக்க வேண்டாம். மரம் வேகமாகச் சுருங்கினால் தூண்களின் பொருத்துகள் தளரும். உப்பு தூவிய தெருவழியே இழுத்து வந்திருந்தால் பட்டையை நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே துடைக்க வேண்டும்.

பருவம் முடிந்ததும் பட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய்ப்பூச்சு கொடுங்கள். மேற்பூச்சு உதிர்ந்து வெறும் மரம் தெரியும் இடங்களை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயோ படகுகளுக்குப் பூசும் வார்னிஷோ தடவலாம். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. வெளியே விரித்து முழுதும் உலரவிட்ட பின்பே எறிய வேண்டும். வண்டியைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிடுவது சிறந்தது. அதன்மேல் பெட்டிகளை அடுக்கினால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும்.

நவம்பரில் மீண்டும் எடுக்கும்போது பட்டையின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, எல்லாத் திருகாணிகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். இருக்கைச் சட்டம் உடைந்திருந்தால் அதே தடிப்புள்ள ஆஷ் அல்லது பீச் சட்டத்தை அளந்து வெட்டி, விளிம்புகளை உருட்டித் தேய்த்து, உருண்டைத்தலை போல்ட்டை மேலிருந்து செருகி அடியில் நட் போட்டு இறுக்கலாம். பிறகு பிள்ளையை மறுபடியும் வண்டியில் உட்கார வைத்துப் பாருங்கள். ஓராண்டில் கால்கள் வளர்ந்து முழங்கால் மார்பை நோக்கி மடிந்தால் அந்த வண்டி தம்பிக்கோ தங்கைக்கோ, அண்டை வீட்டுப் பிள்ளைக்கோ போய்ச் சேர வேண்டிய காலம் வந்துவிட்டது. 100 சென்டிமீட்டர் வண்டியைத் தேடத் தொடங்கலாம்.